ஸ்வெட்டரில் தெரியும் குறை ஆட்டின் முதுகில் தொடங்கியது

ஸ்வெட்டரின் முழங்கைப் பக்கம் நூல் இற்றுப்போகிறது. உடம்புப் பகுதி ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது. முதுகில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரிகிறது. இப்படி ஏதாவது ஒன்று நேர்ந்தால் பின்னியவர் முதலில் தன் ஊசியையும் கையையும்தான் சந்தேகிப்பார். சொந்தச் செம்மறி ஆட்டின் மயிரை வெட்டி, அலசி, நூற்று, சாயமேற்றிப் பின்னும்போது குறையின் வேர் பெரும்பாலும் நான்கைந்து படிகளுக்கு முன்னால் கிடக்கும். இற்றுப்போன நூலுக்குக் காரணம் அந்த ஆட்டுக்கு வந்த காய்ச்சலாக இருக்கலாம். பட்டை விழுந்த நிறத்துக்குக் காரணம், சாயப் பானை அடுப்பேறும் முன்பே ஆறிப்போன அலசல் தண்ணீராக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு வேலையையும் அடுத்த வேலையின் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. நடுத்தர ஆடு ஒன்று ஒரு வெட்டுக்கு 2 முதல் 4 கிலோ கச்சா மயிர் தரும். 2.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வயிறு, கால், வால்பக்கம், சாணி ஒட்டிய நுனிகள் இவற்றைக் கழித்தால் 1.9 கிலோ மிஞ்சும். அலசினால் பிசுக்கு, வியர்வை உப்பு, மண் எல்லாம் போய் ஏறத்தாழ 1.15 கிலோ. மெரினோ போலப் பிசுக்கு மிகுந்த இனமென்றால் பாதிவரைகூடப் போய்விடும். சீவி முடிக்கும்போது 1 கிலோ, நூலாகும்போது அதற்கும் சற்றுக் குறைவு. பெரியவர் ஒருவருக்கு நடுத்தரத் தடிமனில் ஸ்வெட்டர் பின்ன 500 கிராம், அதாவது சுமார் 1,100 மீட்டர் நூல் போதும். ஆக, ஒரே ஆட்டின் தோளும் விலாவும் ஒரு ஸ்வெட்டருக்குக் காணும். தொடைப்பக்கத்து முரட்டு மயிரை அதோடு கலக்க வேண்டிய அவசியமே இல்லை. கலப்பவர்கள் அளவுக்குப் பயந்து கலக்கிறார்கள், அந்தப் பயம் வேண்டாம்.

வெட்டுகிற நாளும் அதற்கு முந்தைய மாதங்களும்

ஆட்டின் மயிர் ஈரமாக இருக்கும்போது வெட்டக்கூடாது. ஈரத்தோடு சுருட்டி வைத்த மயிர் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், மஞ்சளாகும். அந்த மஞ்சள் எத்தனை அலசினாலும் போகாது. முந்தைய இரவு தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்த ஆட்டை உட்கார்த்தி வைத்து வெட்டினால் அது திணறும், துள்ளும். துள்ளினால் கத்தி மேலெழும்பி மயிரைப் பாதியில் நறுக்கும். விட்டுப்போனதைச் சரிசெய்ய மறுபடி ஓட்டும்போது விழும் அரை அங்குலத் துண்டுகள்தான் இரண்டாம் வெட்டு. சீவும்போது இவை முடிச்சாகத் திரளும், நூலில் மணி மணியாகத் துருத்தும், பின்னிய துணியில் குருணை உருளும். மேடு விழுந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது மேல். ஆடு கொஞ்சம் அழகில்லாமல் நிற்கும், நூல் பிழைக்கும்.

வைக்கோலைத் தலைக்கு மேலே தொங்கும் தட்டியில் போட்டால் தூசும் துரும்பும் கழுத்திலும் தோளிலும் இறங்கும். மிக நல்ல மயிர் விளையும் இடமும் அதுதான். தீவனத்தைத் தரைக்கு அருகில் தாழ்வான தொட்டியில் வைத்தாலே சீவும் வேலையில் பாதி குறைந்துவிடும். துரும்பை அலசிப் போக்க முடியாது. சீவும்போது ஓரளவு உதிரும், மீதி நூலுக்குள் சிக்கிக்கொண்டு கழுத்தில் குத்தும்.

வெட்டியதை வெட்டுவாய் கீழே இருக்கும்படி கம்பிவலை மேசையில் விரித்து, ஒரு விரல் தடிமனுள்ள கற்றை ஒன்றைப் பிரித்தெடுங்கள். இரு முனையையும் இறுகப் பிடித்து, காதருகே கொண்டுபோய் வெடுக்கென்று இழுங்கள். நல்ல மயிர் கம்பியைச் சுண்டியதுபோல் ‘டங்’ என்று ஒலிக்கும். பலவீனமானது சருகு நொறுங்குவதுபோல் ‘சரசர’ என்று சொல்லும், இன்னும் இழுத்தால் ஒரே இடத்தில் அறுந்து கையோடு வரும். அறுந்த இடம் ஆட்டின் நாட்குறிப்பு மாதிரி. காய்ச்சல், பட்டினி, குட்டி போட்ட சமயம் என்று எப்போது உடம்பு தளர்ந்ததோ அப்போது வளர்ந்த இழை மெலிந்திருக்கும். உடைவு அடிப்பக்கம் அல்லது நுனியை ஒட்டி இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை நூற்கலாம். நடுவில் இருந்தால் நூலுக்கு ஆகாது, திரட்டிக் கம்பளமாக்கலாம். இந்தச் சோதனையைத் தோள், விலா, தொடை மூன்றிலும் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அலசத் தொடங்குகிறவர்கள் மாதக்கணக்கில் உழைத்து, கடைசியில் இற்ற முழங்கையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

குட்டையான, வெளுத்த, உடையும் முரட்டு மயிர்களும் சில இனங்களில் ஊடே இருக்கும். அவை சாயம் சரியாக ஏற்காது. சிவப்பில் வெள்ளை முள்ளாகத் தெரியும். நிறைய இருந்தால் அந்த மயிரைச் சாயமில்லாமல் பயன்படுத்துங்கள்.

அலசல்

எல்லாப் படிகளிலும் அதிகம் கெடுவது இங்கேதான், காரணம் இரண்டு. கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள் அடுக்கியிருக்கின்றன. சூடான ஈரத்தில் உரசினால் இழைகள் ஒரே திசையில் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, பிறகு பின்வாங்க முடியாமல் சடையாகிவிடும். இரண்டாவது, இழையைப் போர்த்தியிருக்கும் பிசுக்கான லானோலின் சுமார் 40 டிகிரியில்தான் உருகும். அதை எடுக்கச் சூடு வேண்டும், ஆனால் சூட்டில் கையை வைத்துக் கசக்கக் கூடாது. அலசலின் முழு நுணுக்கமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

500 கிராம் கச்சா மயிருக்கு 12 முதல் 15 லிட்டர் தண்ணீர். முதலில் குளிர்ந்த மழைநீரில் ஓரிரவு ஊறவிடுங்கள். வியர்வை உப்பும் மண்ணும் கரைந்து தேநீர் நிறத்தில் இறங்கும். அதில் பொட்டாசியம் உப்புகள் நிறைய உண்டு, தண்ணீர் கலந்து தோட்டத்துக்கு ஊற்றலாம். அடுத்து வெந்நீர், 60 டிகிரி. பாத்திரம் கழுவும் திரவம் 20 மில்லி விட்டு நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். சோப்புக் கட்டி வேண்டாம், கடினநீரில் அது சுண்ணாம்போடு சேர்ந்து பிசின்போல இழையில் ஒட்டும். சலவைச் சோடாவும் வேண்டாம், காரம் கம்பளியை அரிக்கும்.

மயிரை 250 கிராம் வீதம் வலைப்பையில் தளர்வாகப் போட்டு, தண்ணீரின் மேல் வைத்து, ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையால் அழுத்தி மூழ்கவிடுங்கள். மூழ்கியபின் தொடவே வேண்டாம். 15 முதல் 20 நிமிடம். தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் பையை வெளியே எடுத்துவிட வேண்டும். தெர்மாமீட்டரை நம்புங்கள், கடிகாரத்தை நம்பாதீர்கள். குளிர்நாளில் பத்தே நிமிடத்தில் சூடு இறங்கிவிடும். ஆறினால் உருகிய பிசுக்கு மறுபடி இழையில் படியும், இந்த முறை அழுக்கையும் சேர்த்துக்கொண்டு. அப்படிப் படிந்தது காய்ந்தபின் கைக்கு வெண்ணெய் பூசிய மாவுபோல் இருக்கும், அதை எடுப்பது கச்சா மயிரை அலசுவதைவிடக் கடினம்.

எடுக்கும்போது பை சொட்டி வடியட்டும், பிழிய வேண்டாம். அதே சூட்டில் இரண்டாம் முறை திரவம் விட்டு, பிறகு அதே சூட்டில் இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலில் மட்டும் சூடு ஐந்து டிகிரி குறைந்தால் குற்றமில்லை. குழாயை நேராக மயிர்மேல் திறந்துவிடுவதும், 60 டிகிரியிலிருந்து எடுத்துப் பச்சைத்தண்ணீரில் போடுவதும் சடை பிடிக்க வைக்கலாம். ஒவ்வொரு முறையும் பாத்திரத்தை நிரப்பிவிட்டுத்தான் பையை இறக்க வேண்டும். கடைசியில் துணி துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் விடாமல் சுழற்சியை மட்டும் ஓடவிட்டு வடித்து, வலைமேல் நிழலில் பரப்பிக் காயவிடுங்கள்.

பிசுக்கு முழுதாகப் போனதா என்று எப்படித் தெரியும்? காய்ந்த கற்றையை இரு விரலுக்கிடையில் உருட்டுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் சரி. சாயம் போடாத கம்பளியில் சிறிது பிசுக்கு மிஞ்சுவது நூற்கும்போது நல்லதுதான். சாயம் போடுவதென்றால் துளியும் மிஞ்சக் கூடாது. பிசுக்குள்ள இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் முதுகில் பின்னர் பட்டையாகத் தெரியும்.

கச்சா மயிரை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பிசுக்கு கெட்டியாகிவிடும், அந்துப்பூச்சிக்கும் அழுக்கு மயிர்தான் பிடிக்கும். பூச்சி விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் காற்றுப் புகாத உறையில் போட்டு மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு அழியும்.

சீவுதல், நூற்றல்

சீவும் முன் அலசிய மயிர் முழுவதையும் தரையில் விரித்து, வெவ்வேறு மூலையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரே ஆட்டிலும் தோளுக்கும் விலாவுக்கும் நிறமும் மென்மையும் மாறும். கலக்காமல் வரிசையாகச் சீவி நூற்றால் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம்.

கம்பிப்பல் பலகையில் 3 அல்லது 4 கிராமுக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு பலகையின் பற்களும் ஒன்றையொன்று தொடாமல் மயிர் மட்டும் உரச வேண்டும். பல் பல்லைக் கடித்தால் இழை அறுந்து குருணையாகும். நான்கைந்து முறை சீவிச் சுருளாகச் சுருட்டி எடுங்கள். இப்படிச் செய்த நூல் காற்றடைத்து, இலேசாக, கதகதப்பாக இருக்கும், ஸ்வெட்டருக்கு இதுதான் ஏற்றது. 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள பளபளப்பான மயிரை எஃகுச் சீப்பால் வாரி, இழைகளை ஒரே திசையில் நிறுத்தி நூற்றால் வழவழப்பான உறுதியான நூல் வரும். காலுறைக்கு அது. காலுறைக்குச் சுருள் நூலைப் போட்டால் குதிகால் ஒரு பருவம்கூடத் தாங்காது.

நூற்கும்போது முறுக்கை உணர்வால் மட்டும் அளப்பது போதாது, எண்ணிப் பார்க்க வேண்டும். 8-க்கு 1 விகிதமுள்ள ராட்டையில் ஒரு மிதிக்குக் கதிர் 8 முறை சுற்றும். ஒரு மிதிக்கு 6 செ.மீ. நூல் விட்டால் ஒரு செ.மீ.க்கு 1.3 முறுக்கு. 4 செ.மீ. விட்டால் 2. மென்மையான சுருள் நூலுக்கு முதலாவது பரவாயில்லை, குட்டையான மெல்லிய இழைக்கு இரண்டாவது வேண்டும். கையிலிருக்கும் தக்கிளியில் இந்தக் கணக்கு வராது. சுழற்றி விட்டபின் நூலை ஒரு நொடி தளர்த்துங்கள். தானாக இரட்டித்துச் சுருண்டால் முறுக்கு போதும், மசமசவென்று தொங்கினால் போதாது.

முதல் நாள் நூற்ற புதிய நூலில் ஒரு முழம் அறுத்து, நடுவில் மடித்து, தானே புரியேற விட்டு, அந்தத் துண்டை ஓர் அட்டையில் கட்டி ராட்டையிலேயே தொங்கவிடுங்கள். அடுத்த வாரம் நூற்கும்போது அதையும் புதியதையும் ஒப்பிட இதைவிட நல்ல கருவி கிடையாது. பாபினில் சில நாள் இருந்த நூலை இதற்கு எடுக்கக் கூடாது. முறுக்கு உள்ளே உறங்கிவிடும், குறைவாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

ஸ்வெட்டர் நூலுக்கு, அளவுகோலில் நெருக்கமாகச் சுற்றினால் ஒரு செ.மீ. அகலத்தில் 7 அல்லது 8 சுற்று வரும் ஒற்றைப்புரி நூல் நூற்று, அதில் இரண்டைச் சேர்த்து எதிர்த்திசையில் புரியேற்றினால் சுமார் 5 சுற்று வரும் நடுத்தர நூல் கிடைக்கும். 1,100 மீட்டர் இரட்டைப்புரிக்கு 2,200 மீட்டருக்கு மேல் ஒற்றை நூல் தேவை என்பதை மறக்க வேண்டாம். வலமாக நூற்றதை இடமாகப் புரியேற்றுங்கள். ஒரே திசையில் ஏற்றினால் நூல் கம்பியாகிவிடும். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி எடுத்து, 40 டிகிரித் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் காயப்போடுங்கள். தொங்கும் சிட்டம் முறுக்கிக்கொள்ளாமல் அகன்ற வளையமாக நின்றால் சமன்பட்ட நூல். எடை கட்டித் தொங்கவிடுகிறார்கள் சிலர், எனக்கு அது சம்மதமில்லை. இழுத்துக் காய்ந்த நூல் முதல் துவைப்பில் பழைய நீளத்துக்குத் திரும்பும், அப்போது சட்டை சுருங்கும். முறுக்கு சமன்படாத நூலில் சாதாப் பின்னல் போட்டால் கண்ணிகள் ஒரே பக்கம் சாய்ந்து, துணி சாய்சதுரமாகும். உடம்புப் பகுதி கோணுவதற்குக் காரணம் அதுதான். பின்னி முடித்தபின் ஆவி காட்டியோ இழுத்தோ அதை நேராக்க முடியாது.

படிகாரமும் சாயமும்

சாயத்தில் எல்லா அளவும் காய்ந்த கம்பளியின் எடையைக் கொண்டு. 100 கிராம் நூலுக்கு, சாயத்தை இழையில் பிடித்துவைக்கும் படிகாரம் 12 கிராம், கிரீம் ஆஃப் டார்ட்டர் (சமையலிலும் பயன்படும் புளிப்பு உப்பு) 6 கிராம், தண்ணீர் 4 லிட்டர். சமையலுக்கு இனி எடுக்காத எவர்சில்வர் பானை. சிட்டத்தை நான்கு இடத்தில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய இடம் வெள்ளை வளையமாக நிற்கும். ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய பின்னரே பானைக்குள் போக வேண்டும். வறண்ட நூலைச் சாயத்தில் போட்டால் முதலில் நனைந்த இடம் அதிகம் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் மெல்ல 85 டிகிரிக்கு ஏற்றி, 45 நிமிடம் அங்கேயே நிறுத்தி, பானையிலேயே ஆறவிடுங்கள். கொதிக்கவிடக் கூடாது. படிகாரத்தைக் கூட்டினால் நிறம் கூடும் என்று நினைத்து 25 கிராம் போடுபவர்கள் உண்டு. கூடாது, கம்பளி பிசுபிசுத்துக் கரகரப்பாகும்.

மஞ்சளுக்குச் செண்டுமல்லிப் பூ, காய்ந்தது 100 கிராம். ஆரஞ்சு கலந்த பழுப்புக்கு வெங்காயச் சருகு 50 கிராம். இரண்டையும் ஒரு மணி நேரம் வேகவைத்து வடித்து, ஆறிய சாறில் நூலைப் போட்டு மறுபடி 80 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். இவை எளியவை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் கிழங்கை மட்டும் நம்பாதீர்கள். பானையில் கண்ணைப் பறிக்கும், வெயிலில் சில வாரத்தில் வெளுக்கும். பீட்ரூட்டும் அப்படியே. எந்தச் சாயத்தையும் முதலில் ஓர் அட்டையில் சுற்றி, பாதியை மூடி, ஜன்னலோரம் மூன்று வாரம் வைத்துப் பாருங்கள்.

சிவப்பு பொறுமை கேட்கும். மஞ்சிட்டி வேர்ப் பொடி 100 கிராமை ஓரிரவு ஊறவைத்து, நூலையும் சேர்த்து 60-65 டிகிரியில் இரண்டு மணி நேரம். 70-ஐத் தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறமிகளும் இறங்கிச் செங்கல் நிறமாகும். மழைநீரைவிடக் கடினநீர் இங்கே உதவும், சுண்ணாம்புச் சத்து சிவப்பைத் தெளிவாக்கும். ஐரோப்பிய மஞ்சிட்டியில் அலிசரின் என்ற நிறமிதான் முதன்மை. 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் அதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியபின் அந்த வேர்ச் சாகுபடி வேகமாகச் சரிந்தது. ஆனால் வேர் தரும் சிவப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறமிகள் சேர்ந்திருக்கும். அந்தச் சேர்க்கைதான் அதன் ஆழம், அதனால்தான் இன்றும் வேரை ஊறவைக்கத் தோன்றுகிறது.

நிறத்தை மங்கலாக்க அன்னபேதி 2 கிராம் போதும். 4-ஐத் தாண்டினால் இரும்பு கம்பளியை முரடாக்கி நாளடைவில் இற்றுப்போக வைக்கும்.

அவுரி வேறு ஜாதி. அதற்குப் படிகாரம் வேண்டாம். நீலம் தண்ணீரில் கரையாது, பிராணவாயுவை நீக்கிக் காரநீரில் கரைய வைத்தால்தான் இழைக்குள் போகும். 10 லிட்டருக்கு அவுரிப் பொடி 20 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 40, பிரக்டோஸ் 60. 50 டிகிரியில் கலக்கி மூடிவையுங்கள். சுண்ணாம்புத் தூள் கண்ணிலும் மூக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தயாரானால் மேலே செப்பு மினுக்குள்ள ஏடு படியும், அடியில் தண்ணீர் தேன்கலந்த பச்சையாக இருக்கும். பருத்திக்கு உடனே பயன்படுத்தலாம். கம்பளிக்குக் காத்திருங்கள், பி.எச். அளவு 10-க்குக் கீழே இறங்கட்டும். அதற்கு மேலான காரத்தில் நூல் சொரசொரப்பாகிவிடும்.

நனைத்துப் பிழிந்த சிட்டத்தைக் குமிழி இல்லாமல் இறக்கி, அடியில் படிந்த சுண்ணாம்பைத் தொடாமல் 5 நிமிடம் வைத்து, தண்ணீருக்குள்ளேயே பிழிந்து தூக்குங்கள். வெளியே வந்த நொடியில் மஞ்சள்பச்சை. மடிப்பின் விளிம்பில் முதலில் நீலம் ஓடும், பிறகு உட்பக்கம், இரண்டு நிமிடத்தில் முழுதும். உட்புறம் பச்சையாக நின்றுபோன இடங்களை விரலால் பிரித்துக் காற்றுக் காட்டுங்கள், இல்லையேல் அங்கே திட்டு விழும். 15 நிமிடம் ஆறியபின் மறுமுறை முக்கலாம். அடர்நீலத்துக்கு நான்கைந்து முக்கு. ஒரே முக்கில் நீளவிட்டு ஆழம் எடுக்கப் பார்த்தால் நீலம் இழையின் மேலேயே படிந்து, பின்னும்போது விரலில் ஒட்டும். கடைசியில் ஒரு லிட்டருக்கு 15 மில்லி வினிகர் விட்ட தண்ணீரில் அலசிக் காரத்தை முறியுங்கள். பச்சை வேண்டுமானால் முதலில் அவுரி, பிறகு படிகாரம், பிறகு மஞ்சள் நிறச் சாயம். வரிசையை மாற்றினால் தொட்டியின் காரம் மஞ்சளைக் கெடுக்கும்.

ஊசி எடுக்கும் முன்

15 செ.மீ. சதுரத்தில் மாதிரித் துண்டு பின்னி, ஸ்வெட்டரைத் துவைக்கப்போகும் அதே முறையில் துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். துவைக்கும் முன் 20 கண்ணி இருந்தது துவைத்தபின் 22 ஆகலாம். 200 கண்ணியில் பின்னும் உடம்புப் பகுதியில் அது 100 செ.மீ.க்கும் 91 செ.மீ.க்கும் உள்ள வித்தியாசம். இரண்டு உருண்டையை வைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னினால், சிட்டத்துக்குச் சிட்டம் உள்ள சிறு நிற வேறுபாடு கோடாகத் தெரியாமல் கரைந்துபோகும்.

ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு துண்டு அட்டை கட்டுங்கள். ஆட்டின் காதுவில்லை எண், வெட்டிய நாள், உடம்பின் எந்தப் பகுதி, கச்சா எடை, அலசிய எடை, படிகாரம் எத்தனை கிராம், எந்தச் சாயம், எத்தனை டிகிரி. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் ஓடிவிடும். முழங்கை இற்றுப்போகிற அன்று அந்த அட்டையை எடுத்துப் பார்த்தால், தேட வேண்டிய இடம் ஊசியா, பானையா, அந்த ஆடு குட்டி போட்ட மாதமா என்பது தெரிந்துவிடும்.